எட்டு கஜம்... பன்னிரண்டு இஞ்ச்!

"ஸ்காட்லாந்தா? அங்கே ஆம்பிளைங்க பாவாடை கட்டுவாங்களாமே! நீயும் கட்டணுமாடா?"

ஆறு மாத ஆபீஸ் வேலையாக என்னை எடின்பராவுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. "அது பாவாடை இல்லேம்மா, கில்ட். கட்டாயமெல்லாம் கிடையாது" என்று சமாதானம் சொல்லிவிட்டு, 2023 மே மாதம் விமானம் ஏறினேன். போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், காசு கொடுத்து வாங்கிய ஒரு 'பாவாடை'யுடன் நடுத்தெருவில் நின்றேன்.

தப்பு என்னுடையது இல்லை. கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குக் கல்யாணம். 'ஆண்கள் கில்ட் அணிந்து வந்தால் மகிழ்வோம்' என்று பத்திரிகையில் கடைசி வரி. நாமும் ஊரோடு ஒத்து வாழ்வோமே என்று ஒரு ஆசை.

எடின்பராவின் பழைய ஊருக்கு நடுமுதுகு போல ஒரு தெரு ஓடுகிறது. மேல் முனையில் எரிமலைப் பாறை மீது கோட்டை. கீழ் முனையில் ஹோலிரூட் அரண்மனை. நடுவில் ஏறக்குறைய ஒரு மைல் என்பதால் தெருவின் பெயரே ராயல் மைல். நம் ரங்கநாதன் தெருவைக் கல்லில் கட்டி, மேலே ஏ.ஸி. போட்டுவிட்ட மாதிரி இருக்கும். மூன்று கடைக்கு ஒரு கடையில் கில்ட். கடை வாசலில் ஸ்பீக்கர் வைத்து பேக்பைப் சத்தம் வேறு. அதில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். "சைஸ்?" என்றார் கடைக்காரர். "முப்பத்தாறு" என்றேன், என் பேண்ட் கணக்கில். நாற்பது பவுண்டு. பில். பை. வணக்கம்.

வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தேன். முன்பக்கம் தொப்பைக்குக் கீழே சரிந்து முழங்காலைத் தாண்டித் தொங்கியது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, அம்மா சொன்ன பாவாடையாகக்கூட இல்லாமல் கிட்டத்தட்ட ஃபிராக் ஆகியிருந்தது. காற்றில் பறக்குமோ என்ற பயத்தில், அதனுடன் கொடுத்த பெரிய ஊக்கை எடுத்து முன்னால் இருந்த இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினேன். உட்கார்ந்தேன். 'டர்ர்ர்...'

அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டுக்கார அம்மாள் டீயுடன் உள்ளே வர வேண்டும்?

சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! டீ தளும்பித் தட்டில் கொட்டி, கண்ணில் நீர் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். "ஏம்ப்பா, ஊக்கை மேல் அடுக்குல மட்டும்தான் குத்தணும். அது பாரத்துக்காக. பூட்டு இல்லே. ஆமா, இதை நீ காசு குடுத்தா வாங்கினே?"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நான் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருந்த வீட்டின் எஜமானி, நாற்பது வருஷமாகக் கையால் கில்ட் தைக்கிறவர்!

* * *

வீடு இருந்தது லீத் பகுதியில். எடின்பராவின் பழைய துறைமுகம். கல் கட்டடம், சுழல் படிக்கட்டு, மூன்றாவது மாடி. அந்த ஜூன் மாதம்தான் லீத் வழியாக நியூஹேவன் வரைக்கும் டிராம் விட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே டிராம் தெரியும். ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மேஜை. அதன் மேல் சாக்பீஸ், இஞ்ச் டேப், தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும் போல ஓர் இஸ்திரிப் பெட்டி. தையல் மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. "அது திரைச்சீலை தைக்க" என்றார் அலட்சியமாக.

அம்மாளின் பெயரை எழுதமாட்டேன். "பேப்பர்ல என் பேரைப் போட்டே, வாடகையை ஏத்திடுவேன்" என்று எச்சரித்திருக்கிறார். வயசு அறுபத்தைந்து இருக்கும். காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதுவும் நான் ஹீட்டரைக் கூட்டச் சொல்லும்போது மட்டும்.

கில்ட் என்றால் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றுவது, அவ்வளவுதானே என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே? முழு கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் துணி! நம் வீட்டு மாமிகளின் மடிசார் ஒன்பது கஜம். ஒரே ஒரு கஜத்தில் ஸ்காட்லாந்து தோற்றுவிட்டது.

அகலமான கம்பளித் துணியில் நாலு கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து எட்டாக்குவார்கள். சேர்த்த தையல் ஒரு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தட்டை அடுக்கு. மீதித் துணி எல்லாம் பின்பக்கத்துக் கொசுவம். இருபதிலிருந்து முப்பது மடிப்பு வரை. கீழே மடித்து அடிப்பதும் கிடையாது. துணியின் கரையே கில்ட்டின் விளிம்பு. அதனால் உயரம் தப்பாகப் போனால் கீழே பிரித்துவிட்டுச் சமாளிக்க வழியே இல்லை.

"கையால தைச்சா எத்தனை நாள்?"

"இருபது மணி நேரத்துக்கு மேலே ஆகும். அவசரப்பட்டா நாற்பது பவுண்டு கில்ட்தான் வரும்" என்று என் பையைப் பார்த்தார்.

நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: அவருடைய பாட்டி பெய்ஸ்லி ஊரில் நூல் மில்லில் வேலை பார்த்தவராம். கோட்ஸ் கம்பெனி பிறந்த ஊர் அது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மதுரை மில்லும் அந்தக் கோட்ஸும் 1974-ல் சேர்ந்துதானே மதுரா கோட்ஸ்! நம் தெரு டெய்லரின் தகர டப்பாவில் உருளும் நூல்கண்டுக்கு இது பெரியப்பா வீடு. போதாததற்கு, நம் பட்டுப்புடவை மாங்காய் டிசைனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் பெய்ஸ்லிதான். அந்த ஊரில் ஒரு காலத்தில் அதே டிசைனில் சால்வை நெய்து தள்ளியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மாளுக்கு என் மேல் தனி மரியாதை. ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கிடைத்தது.

அந்த மரியாதையை நான் நாலு நாள்கூடக் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

* * *

அம்மாளுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயசு. ஆஸ்பத்திரி லேபில் வேலை. சாயங்காலமானால் பேக்பைப் வாசிப்பார். நம்மூர் பாஷையில் 'பூசினாற்போல' என்போமே, அப்படி ஒரு உடம்பு. சிரித்த முகம். படியில் ஏறிவரும்போதே பாட்டுச் சத்தம் கேட்கும்.

அவர் ஓர் உள்ளூர் பைப் பேண்டில் இருந்தார். ஆகஸ்டில் கிளாஸ்கோவில் உலக பைப் பேண்ட் போட்டி. பேண்டில் எல்லோருக்கும் ஒரே டார்ட்டன் கட்டத்தில் கில்ட். கில்ட் பேண்டுக்குச் சொந்தம், பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியில் இருந்ததெல்லாம் எப்போதோ ஆம்பிளைகளின் அளவுக்குத் தைத்தவை.

மகளுடைய அளவு இது: இடுப்பு 32. டெய்லர்கள் 'சீட்' என்பார்களே, அது 44. சீட்டுக்குச் சரியான கில்ட்டை எடுத்தால் அதன் இடுப்பு 38. நடுவில் ஆறு இஞ்ச் இடைவெளி. பெல்ட் போட்டு இறுக்கினால் பின்னால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இடுப்புக்குச் சரியானதை எடுத்தாலோ சீட்டில் பிடித்து, பின்பக்கத்து மடிப்பெல்லாம் விசிறி மாதிரி விரிந்துவிடும். நடந்தால் முன் அடுக்கு வாயைப் பிளக்கும்.

இதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு. நான் ஆபீஸ் கேன்டீன் ஜோக்கர். சும்மா இருக்க முடியுமா?

"ரெண்டு மாசம் கேக்கை நிறுத்தினா இந்தத் தையல் வேலையே மிச்சமாயிருமே!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

மகள் தட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போனார். கதவு மெதுவாகத்தான் மூடியது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இதையேதான் பேண்டுல ஒருத்தரும் சொன்னார். கில்ட் இல்லே பிரச்னை, உன் இடுப்புதான்னு. இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேம்மான்னு போன மாசம் வந்து அழுதா. பன்னிரண்டு வயசிலேர்ந்து வாசிக்கிறாப்பா அவ. பேக்பைப் வாசிக்கிறது மூச்சு. சீட் இல்லே."

அன்று ராத்திரி அந்த வீட்டில் பேக்பைப் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பேக்பைப் சத்தம் கேட்காமல் ஒருத்தன் தூக்கம் வராமல் தவித்தது உலகத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

* * *

ஞாயிற்றுக்கிழமை, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு காலையிலேயே வெளியே கிளம்பினேன். லீத் கரைக்கு 'ஷோர்' என்றே பெயர். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பழைய கிடங்குகள், ஹோட்டல்கள். பின்னாலேயே மீன் வாங்கும் பையுடன் அம்மாள் வந்தார்.

"இங்கே வா. இந்தத் தகட்டைப் பாத்தியா?"

1822 ஆகஸ்டில் நாலாம் ஜார்ஜ் மன்னர் கப்பலில் வந்து கால் வைத்த இடத்தைக் குறிக்கும் தகடு அது. அம்மாள் கதையை ஆரம்பித்தார்.

1746-ல் கலோடன் போரில் மலைநாட்டுக்காரர்களைத் தோற்கடித்ததும், லண்டன் சர்க்கார் முதலில் கைவைத்த விஷயங்களில் ஒன்று அவர்களுடைய உடை. பட்டாளத்தில் இருப்பவர்களைத் தவிர ஆண்களோ, பையன்களோ கில்ட் கட்டக்கூடாது. கட்டினால் ஆறு மாதம் ஜெயில். மறுபடி கட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கில்ட்டே கட்டாமல் வளர்ந்துவிட்டது.

நாற்பது வருஷம் கழித்து, எந்த அரசாங்கம் தடுத்ததோ அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராஜாவே வருகிறார். விழா ஏற்பாடு, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 'மன்னர் கில்ட் அணிந்து தரிசனம் தர வேண்டும்' என்று முடிவு. ராஜா எப்படிப்பட்டவர்? இரண்டு வருஷம் கழித்து, 1824-ல் அவருக்காகச் செய்த இடுப்புக் கச்சையின் அளவு 50 இஞ்ச்!

"உடுப்பு, கத்தி, துப்பாக்கி, தங்கச் சங்கிலி எல்லாம் சேர்த்து பில் 1354 பவுண்டு, அந்தக் காலத்துல! என்ன பிரயோஜனம்? கில்ட் முழங்காலுக்கு ரொம்ப மேலே நின்னுடுச்சு. கால் தெரியக்கூடாதுன்னு உள்ளே ரோஸ் கலர்ல காலுறை! ஊரே வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... டேவிட் வில்கினு ஒரு ஓவியரைக் கூப்பிட்டு படம் வரையச் சொன்னாங்க. அவர் தொப்பையைக் குறைச்சு, கில்ட்டை நீட்டி, ரோஸ் காலுறையை மறைச்சு அழகா வரைஞ்சுட்டார். படம் இன்னிக்கும் அரண்மனைச் சொத்து." மீன் பையை என் கையில் கொடுத்தார். "ராஜாவுக்கு ஓவியர் கிடைச்சார். என் பொண்ணுக்கு யாரு இருக்கா? நான்தானே? ஊசியாலதான் வரையணும்."

அங்கேயே முடிவு செய்துவிட்டார். பேண்ட் பெட்டி வேண்டாம். அதே கட்டத்தில் துணி வாங்கி, மகளுக்குப் புது கில்ட்.

* * *

அடுத்த சனிக்கிழமை அளவு எடுக்கும் வைபவம். மகள் 'எனக்கு வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மாள் டேப்பை எடுத்து மகளிடமே கொடுத்து, "முதல்ல இவனை அள!" என்றார்.

இதுதான் எனக்குத் தண்டனை என்று புரிந்தது. சுவர் ஓரமாக நின்றேன்.

"இடுப்புன்னா பேண்ட் கட்டற இடம் இல்லே. நீங்க எல்லாம் தொப்பைக்குக் கீழே கட்டிக்கிட்டு 36-னு சொல்லிட்டுத் திரிவீங்க. கில்ட் தொப்புள் உயரத்துல உட்காரணும். அங்கே சுத்து."

மகள் சுற்றினார். படித்தார். மறுபடி படித்தார்.

"நாற்பத்தொண்ணு!" டிராமில் போகிறவர்களுக்குக் கேட்கிற குரல்.

"சீட்?"

"நாற்பது!"

அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இடுப்பே இல்லேப்பா!"

மகள் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. சுவரில் சாய்ந்து, டேப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவிலேயே, "அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி முடித்தேன். "நாற்பத்தொண்ணு" என்றார் பதிலுக்கு. மன்னித்துவிட்டதாக அர்த்தம்.

அப்புறம் அம்மாள் எடுத்த பாடத்தை அப்படியே தருகிறேன். பேண்ட் தைக்கக் கொடுக்கும் நண்பர்களுக்கும் உபயோகப்படும்.

கில்ட் நிற்பது பெல்ட்டால் இல்லை. கீழே அகலமும் மேலே குறுகலுமாக இருப்பதால் அது இடுப்பில் வந்து கவ்விக்கொள்கிறது. வளைவு இருக்கிற உடம்பில் சரியாகத் தைத்துவிட்டால் நாள் முழுக்க நடந்தாலும் இறங்காது. என்னைப் போன்ற டிரம் உடம்பில்தான் பிடித்துக்கொள்ள இடமே இல்லாமல் நழுவும். முன்பக்கத்துக்குத் துணியில் அதிகப் பங்கு கொடுத்து, தொப்பையின் மேடு பள்ளம் பார்த்து வெட்ட வேண்டும்.

"கஷ்டமான கேஸ் அவ இல்லே, நீ!" என்றார்.

எதிர்பார்க்காத தீர்ப்பு. அப்பீல் இல்லை.

மகளை முட்டி போடச் சொன்னார். நிமிர்ந்து முட்டி போட்டால் கில்ட் விளிம்பு தரைக்கு ஓர் இஞ்ச் மேலே நிற்க வேண்டும். அதுதான் உயரம். இடுப்பை அளக்கும்போது, "மூச்சை இழு... வாசிக்கிற மாதிரி இழு" என்றார். மூச்சை அடக்கி வயிற்றை எக்கிக் கொடுத்த அளவுக்குத் தைத்தால், போட்டியில் பாதிப் பாட்டில் மூச்சு முட்டும். இடுப்பிலிருந்து சீட் எத்தனை இஞ்ச் கீழே இருக்கிறது என்பதையும் தனியாகக் குறித்துக்கொண்டார். மடிப்புகளைச் சேர்த்துத் தைப்பது அந்த இடம் வரைக்கும்தான். அதற்குக் கீழே மடிப்பு சுதந்திரம். அந்தக் கோடு ஓர் இஞ்ச் தப்பினாலும் பின்பக்கம் தூக்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் வந்தது கணக்கு. இடுப்பு 32, சீட் 44. வித்தியாசம் 12 இஞ்ச். நம்மூர் ஜாக்கெட் என்றால் நாலு இடத்தில் 'டக்' பிடித்து முடித்துவிடுவார்கள். கட்டம் போட்ட துணியில் டக் பிடித்தால் கோடெல்லாம் கோணிக்கொள்ளும். என்ன செய்வது?

"பங்கு போடணும்" என்றார்.

முதலில் பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிட அதிகப் பங்கு, வளைவு அங்கேதானே? சீட்டில் 23 இஞ்ச், இடுப்பில் 16. மடிப்பு 23. ஒவ்வொரு மடிப்பும் சீட்டில் ஓர் இஞ்ச் அகலம். அது மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, இடுப்பில் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக முடியும். பின்பக்கத்தில் மட்டும் ஏழு இஞ்ச் காணாமல் போய்விட்டது! மீதி ஐந்து இஞ்சை முன் அடுக்கின் இரண்டு ஓரங்களும் வளைந்து வாங்கிக்கொள்ளும்.

"ஒரு மடிப்பு கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே விட்டுக் குடுக்குது, அவ்வளவுதான். யார் கண்ணுக்கும் தெரியாது. எல்லாத்தையும் ஒரே மடிப்பு தலையில கட்டினாத்தான் அசிங்கமாத் தெரியும்."

* * *

அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டதும் நேராக வீடு. எனக்குக் கிடைத்த உத்தியோகம், துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அப்புறம் பதவி உயர்வு: ஓட்டுத் தையல் பிரிப்பது.

ஒரு மடிப்புக்குள் டார்ட்டனின் ஒரு முழுக் கட்டம் போய் மறைந்துகொள்ளும். வெளியே தெரிகிற துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மடிக்காத துணி மாதிரியே அதே கட்டம் திரும்ப வரும். பட்டாளத்துக்காரர்கள் இதை வேறு மாதிரி மடிப்பார்கள். எல்லா மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி. எப்படி மடித்தாலும் குறுக்குக் கோடுகள் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு நூல் பிசகாமல் ஓட வேண்டும். எனக்கு எக்ஸெல் ஷீட்டில் இரண்டு காலம் சேர்ப்பதற்கே நாக்குத் தள்ளும்.

மடிப்பெல்லாம் தைத்து முடித்ததும் அம்மாள் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், எனக்கு அடிவயிறு கலங்கியது. உள்பக்கம், தைத்த பகுதிக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருந்த துணியைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்! நல்ல கம்பளி! "இது உள்ளே இருந்தா இடுப்புல தலையணை கட்டின மாதிரி இருக்கும். குண்டாக் காட்டறது உடம்பு இல்லேப்பா, உள்ளே தேவையில்லாம கிடக்கிற துணி!" வெட்டியது பிரியாமல் இருக்க ஒரு வரிசைத் தையல், அதன் மேல் கேன்வாஸ், அதன் மேல் லைனிங். வலதுபுறம் இரண்டு பக்கிள், இடதுபுறம் ஒன்று. கடைசியில் ஈரத்துணி போட்டு அந்த ராட்சச இஸ்திரி.

"நாளைக்கு அவ உடம்பு கூடினாலோ குறைஞ்சாலோ?" என்று கேட்டேன், ஜாக்கிரதையாக.

"பக்கிளைப் பிரிச்சு நகர்த்தித் தைச்சா ஆச்சு. உடம்பு மாறத்தான் செய்யும். அதுக்காகத் துணிதான் வழிவிடணும்."

கடையில் இப்படி ஒன்று தைக்கக் கொடுத்தால் அறுநூறு, எழுநூறு பவுண்டு ஆகும் என்றார். நம் பணத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல். என் நாற்பது பவுண்டு கில்ட்டைப் பற்றி விசாரித்தேன். அதில் பாத்திரம் பிடிக்கும் துணி நாலு வரும் என்றார். சரி, நண்பர் கல்யாணத்துக்கு நான் என்ன கட்டுவது?

"உங்க ஊர்ல இடுப்பு இல்லாதவங்க என்ன கட்டுவாங்க?"

"வேட்டி."

"அதையே கட்டிக்கிட்டுப் போ!"

போனேன். கில்ட் கட்டிய முப்பது பேர் நடுவில் ஒரே ஒரு எட்டு முழம். மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அதிக போட்டோ எனக்குத்தான். நடனத்தின்போது மட்டும் ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

* * *

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. எடின்பராவிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிஷத்தில் கிளாஸ்கோ. கிளைட் நதிக்கரையில் கிளாஸ்கோ கிரீன் என்று மிகப் பெரிய மைதானம். திரும்பிய பக்கமெல்லாம் கில்ட். கனடா, நியூஸிலாந்து, அயர்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பேண்டுகள். மரத்தடிக்கு மரத்தடி ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு நாதஸ்வர கோஷ்டி ஒரே கோயில் பிராகாரத்தில் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மகள் வரிசையில் நின்றார். இடது கக்கத்தில் பை, தோளில் குழல்கள். என்னையும் அம்மாளையும் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நேராக முகத்தை வைத்துக்கொண்டார். டிரம் உருண்டது. ஒரு பெரிய மூச்சு இழுத்தார். புது கில்ட் அந்த மூச்சுக்கு இடம் கொடுத்ததை நான் பார்த்தேன். வேறு யார் கவனித்திருப்பார்கள்?

பேண்ட் நடக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து பார்க்கிறேன். இரண்டு டஜன் கில்ட் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாக ஆடுகிறது. இருபத்து மூன்று மடிப்பும் ஒன்றாக விரிந்து, ஒன்றாக மூடி... கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேர். எது ஆம்பிளை கில்ட், எது பொம்பிளை கில்ட், எது பெட்டியிலிருந்து வந்தது, எது லீத் ஜன்னலோரம் தைத்தது, ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் திரும்பினேன். அம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்து மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைய. எண்ணுகிறார் போலிருக்கிறது.

பேண்ட் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. மகளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெரிய கேக்கும் மூன்று கரண்டியும் வாங்கி வந்தார். முதல் துண்டை என் பக்கம் நீட்டி, "நாற்பத்தொண்ணு, எடுத்துக்குங்க" என்றார். அடுத்த வருஷத்துக்கும் பேர் கொடுத்துவிட்டாராம்.

* * *

நவம்பரில் சென்னை திரும்பினேன். வந்த மறுவாரமே அம்மா ஒரு கவருடன் வந்து உட்கார்ந்தார். எனக்கு வயசு முப்பத்தொன்று. கவர் என்றால் உங்களுக்குத் தெரியாதா?

"நல்ல குடும்பம்டா. பொண்ணு பேங்க்ல இருக்கா. பாட்டுகூடப் பாடுவாளாம்." கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு விஷயம்... போட்டோவுல பார்த்தா பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கா. உனக்குப் பரவாயில்லையா?"

ஆறு மாதம் முன்னால் என்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஏற்கெனவே இரண்டு கவரை அதே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்.

எழுந்து போய் தையல் டப்பாவைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்தேன். "முதல்ல என் இடுப்பை அளந்து எழுதி அவங்க வீட்டுக்கு அனுப்பும்மா. தொப்புள் உயரத்துல சுத்து. அவங்களுக்குப் பரவாயில்லையான்னு கேளு. அப்புறம் போட்டோவைப் பார்க்கலாம்."

அம்மா டேப்பைச் சுற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாற்பத்திரண்டு!

"அங்கே என்னடா தின்னே?" என்றார்.

கேக் என்று சொல்லவில்லை.